கடலில் இரவுக் காவலுக்கு யார் கூலி தருவது?

2018 ஆகஸ்ட் 7. மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கேரளத்தின் முனம்பத்திலிருந்து கடலுக்குப் போன 'ஓஷியானிக்' விசைப்படகை அதிகாலை மூன்றரை மணி வாக்கில் ஒரு கப்பல் மோதிவிட்டு நிற்காமல் போனது. அது 'தேஷ் சக்தி' என்ற எண்ணெய்க் கப்பல் என்று விசாரணை சுட்டியது. படகில் 14 பேர். பலர் குமரி மாவட்டம் ராமன்துறைக்காரர்கள். உயிரோடு மீண்டவர்கள் இருவர்.

அதற்கு முந்தைய ஆண்டு, ஜூன் 11 அன்று, கொச்சிக்கு அப்பால் நங்கூரம் போட்டிருந்த 'கார்மல் மாதா' படகின் மேல் 'ஆம்பர் எல்' என்ற பனாமா கொடிக் கப்பல் ஏறியது. மூன்று பேரை இழந்தோம். 2021 ஏப்ரலில் மங்களூருக்கு மேற்கே 'ரபா' என்ற படகும் 'ஏபிஎல் லெ ஹாவ்ர்' என்ற சிங்கப்பூர் சரக்குக் கப்பலும் மோதின. அதிலும் 14 பேர் இருந்தனர், பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதிலும் இருவரே பிழைத்தனர். மூன்று விபத்துகளும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் நடந்தவை.

ஒவ்வொரு முறையும் தப்பு கப்பல் மேலா, படகு மேலா என்று சில நாள் விவாதிக்கிறோம். பிறகு பேச்சு ஜிபிஎஸ், டிரான்ஸ்பாண்டர், செயற்கைக்கோள் என்று கருவிகளின் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் யார் விழித்திருந்தார், அதற்கு முன் அவர் எவ்வளவு தூங்கியிருந்தார், விழித்திருந்ததற்கு அவருக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை.

இதை இப்போதே கேட்டாக வேண்டும். குமரி எல்லைக்குச் சற்று வடக்கே விழிஞ்ஞம் துறைமுகம் செயல்படத் தொடங்கிவிட்டது. ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள, உலகின் மிகப் பெரிய சரக்குப் பெட்டகக் கப்பல்கள் அங்கே வந்து போகின்றன. சூயஸ் கால்வாய்க்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையிலான கப்பல் பாதை ஏற்கெனவே குமரிமுனைக்குக் கீழேதான் போகிறது. இன்னொரு பக்கம், கரையோரத்தில் மீன் குறைந்துவிட்டதால் ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி அரசே மீனவர்களை ஊக்குவிக்கிறது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை போன்ற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் வாரக்கணக்கில் தங்குகடல் போகிறவர்கள். கப்பலும் படகும் ஒரே இருட்டில் சந்திக்கும் இரவுகள் இனிக் கூடத்தான் செய்யும்.

எட்டு நிமிடக் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய கப்பலின் பாய்மர விளக்கு, அதாவது மேலே எரியும் வெள்ளை விளக்கு, குறைந்தது 6 கடல் மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. ஒரு கடல் மைல் ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். கப்பல் மணிக்கு 15 கடல் மைல் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொண்டால், வெளிச்சம் கண்ணில் பட்டதிலிருந்து படகை எட்ட 24 நிமிடம் ஆகும்.

கப்பல் பக்கமிருந்து பார்த்தால் அவகாசம் இன்னும் சுருங்கிவிடும். 12 மீட்டருக்கு மேல், 50 மீட்டருக்குள் உள்ள படகின் சுற்று விளக்கு 2 கடல் மைல் வரை தெரிந்தால் போதும் என்கிறது அதே விதி. அதே வேகத்தில் வரும் கப்பலுக்கு அது எட்டு நிமிடம். மழையும் மூட்டமும் இருந்தால் அதுவும் இல்லை. மரப் படகும் ஃபைபர் படகும் ரேடாரில் சரியாக விழாது. பருவமழைக் காலத்தில் அலைகளே திரையில் புள்ளி புள்ளியாய்த் தெரிய, அதற்குள் படகு எது, அலை எது என்று பிரிப்பது பழகிய கண்ணுக்கே கடினம்.

பெரிய கப்பல் பிரேக் போட்டு நிற்கும் வண்டியும் அல்ல. முழு வேகத்தில் போகும்போது என்ஜினைப் பின்னோக்கித் திருப்பினாலும் அது நிற்க ஒரு மைலுக்கு மேல் வேண்டும். இன்னொன்றும் உண்டு. கப்பலின் முன்புறத்தில், அதன் மூக்குக்குக் கீழே, ஓட்டுபவரின் கண்ணுக்கு எட்டாத ஒரு பகுதி இருக்கிறது. அது கப்பலின் இரண்டு நீளம் அல்லது 500 மீட்டர், இதில் எது குறைவோ அதற்குள் இருக்கலாம் என்று விதியே அனுமதிக்கிறது. அந்த 500 மீட்டரைக் கடக்க 15 மைல் வேகக் கப்பலுக்கு ஒரு நிமிடம் சொச்சம் போதும். அதற்குள் வந்துவிட்ட படகு, கப்பல்காரர்களைப் பொறுத்தவரை கடலில் இல்லை. "மோதியதே எங்களுக்குத் தெரியாது" என்று மாலுமிகள் சொல்வது எப்போதும் பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தெரியாமல் போனதற்கு யார் காரணம் என்பது வேறு கேள்வி.

ஆக, படகில் காவல் இருப்பவர் டீ போட உள்ளே போய், கூடவே கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், அந்த எட்டு நிமிடம் கழிந்துவிடும்.

கப்பலின் இருட்டறை

1972-இல் வகுத்து 1977-இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாம் விதி மிகச் சிறியது. எந்தக் கலமானாலும், எந்த நேரமானாலும், கண்ணாலும் காதாலும் கிடைக்கும் மற்ற எல்லா வழிகளாலும் தகுந்த காவல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. அது எண்ணெய்க் கப்பலுக்கும் பொருந்தும், விசைப்படகுக்கும் பொருந்தும்.

கப்பலில் இந்தக் காவலை நான்கு மணி நேர முறையாகப் பிரித்திருக்கிறார்கள். வழக்கமாக இரவு 12 முதல் 4 வரை செகண்ட் ஆபீசர் நிற்பார். ஓட்டும் அறையில் விளக்கு எரியாது. வரைபட மேசை மேல் மட்டும் மங்கலான சிவப்பு வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வேண்டும் என்பதால், நல்ல மாலுமி முன்கூட்டியே மேலே வந்து நின்றுவிட்டு அப்புறம்தான் பொறுப்பேற்பார். நடுவே ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் அந்தப் பழக்கமெல்லாம் போயிற்று, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இருட்டிய பிறகு அதிகாரி தனியாக நிற்கக் கூடாது, கூடவே கடலைப் பார்ப்பதற்கென்றே ஒரு மாலுமி இருக்க வேண்டும் என்பதும் விதிதான். நடைமுறை வேறு மாதிரி. ஆள் குறைத்த கப்பல்களில் அந்த மாலுமி பகலில் துரு சுரண்டிப் பெயின்ட் அடிக்க வேண்டியவர். இரவில் அவரை மேலே நிறுத்தினால் பகல் வேலை நின்றுபோகும். அதனால் அவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, ஏட்டில் மட்டும் இருவர் நின்றதாக எழுதும் கப்பல்கள் உண்டு.

இதன் விளைவை 2025 மே 22 அன்று உலகமே வேடிக்கை பார்த்தது. நார்வேயில் டிரோன்ட்ஹெய்ம் நகருக்கு அருகே 'என்சிஎல் சால்ட்டன்' என்ற 135 மீட்டர் நீளச் சரக்குக் கப்பல், விடியற்காலை ஐந்து மணி வாக்கில் நேராகக் கரையேறி, ஒருவருடைய வீட்டுக்குச் சில மீட்டர் முன்னால் வந்து நின்றது. வீட்டுக்காரர் நல்ல தூக்கத்தில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்தான் அவரை எழுப்பினார். கப்பலில் காவல் முறையில் இருந்த அதிகாரியும் தூங்கிப்போயிருந்தார். அவருடன் இருந்திருக்க வேண்டிய இரண்டாம் ஆள் அங்கே இல்லை. யாருக்கும் அடிபடாததால் உலகம் சிரித்துவிட்டு நகர்ந்தது. அந்த வீட்டின் இடத்தில் நங்கூரமிட்ட ஒரு விசைப்படகை வைத்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

தூக்கமின்மை பகலையும் விடாது. 2010-இல் ஆஸ்திரேலியாவின் பவளப் பாறைத் திட்டில் ஏறிய 'ஷென் நெங் 1' கப்பல் மாலை ஐந்து மணிக்குத்தான் ஏறியது. பொறுப்பில் இருந்த முதல் அதிகாரி அதற்கு முந்தைய 38 மணி நேரத்தில் இரண்டரை மணி நேரமே தூங்கியிருந்தார். 24 மணி நேரத்தில் 10 மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. சரக்கு ஏற்றி இறக்கும் துறைமுக நாட்களில் அது எந்த லட்சணத்தில் நடக்கிறது என்பதைக் கப்பலில் வேலை பார்த்த எவரிடமும் கேட்டுக்கொள்ளலாம்.

கருவி இல்லாமல் இல்லை. ஓட்டும் அறையில் அசைவே இல்லாவிட்டால் 3 முதல் 12 நிமிடத்துக்குள் மணியடிக்கும் எச்சரிக்கைப் பெட்டி பெரிய கப்பல்களில் கட்டாயம். தொல்லையாக இருக்கிறதென்று அதை அணைத்துவைப்பதும் நடக்கிறது. 2020 ஜூலையில் மொரீஷியஸ் கரையோரப் பாறையில் ஏறிய 'வகாஷியோ' கப்பலில் கருவிகளுக்கு என்ன பஞ்சம்? செல்போன் சிக்னல் கிடைக்கட்டும் என்று கரைப்பக்கம் ஒதுங்கிப் போனார்கள், கப்பலுக்குள் பிறந்தநாள் கொண்டாட்டம். சுமார் ஆயிரம் டன் எண்ணெய் அந்தத் தீவின் கடலில் கலந்தது.

நம் வாசலிலும் நடந்ததுதான். 2017 ஜனவரி 28 அன்று விடியுமுன் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரையில் இளைஞர்கள் வாளியால் கறுப்பு எண்ணெயை அள்ளிய படங்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

படகில் யார் காவல்?

கப்பலில் காவல் என்பது சம்பளத்துக்குள் அடங்கிய வேலை. மீன்பிடிப் படகில் அது யாருடைய வேலை?

தங்குகடல் படகுகளின் வரவு செலவு பங்குக் கணக்கில் ஓடுகிறது. விற்ற மீனின் பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்த பிறகு, மிச்சத்தைப் படகு உரிமையாளரும் தொழிலாளர்களும் பிரித்துக்கொள்வார்கள். படகை ஓட்டும் ஸ்ராங்குக்குக் கொஞ்சம் கூடுதல் உண்டு. இரவில் விழித்திருந்தவருக்கென்று எதுவும் கிடையாது. பகல் முழுவதும் தூண்டில் கயிறோ வலையோ இழுத்து, மீனை ஐஸில் அடுக்கி, கை மரத்துப்போன ஒருவர் முறை வந்ததென்று வீல் ஹவுஸில் உட்காருகிறார். அவர் தூங்கிவிட்டால் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வராது. எந்த மனித உடம்பும் அதிகாலை மூன்று மணிக்கு அப்படித்தான் இருக்கும். தொலைதூர ஆம்னி பஸ்ஸில் இரண்டாவது டிரைவர் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு டிக்கெட் எடுக்கிற நாம், நம் தட்டுக்கு வரும் மீனைப் பிடித்த படகில் அப்படி ஒருவர் இருந்தாரா என்று கேட்டதில்லை.

மேற்குக் கடற்கரைப் படகுகளில் இப்போது மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் பக்கத்துத் தொழிலாளர்கள் நிறையப் பேர். கடல் அவர்களில் பலருக்குப் புதிது. தூரத்தில் தெரியும் வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்று படிக்கத் தெரியாத ஒருவர் விழித்திருந்தும் பாதிப் பயன்தான்.

அந்தப் படிப்பு அவ்வளவு கடினமும் அல்ல. கப்பலின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. முன்னால் இருக்கும் வெள்ளை விளக்கு தாழ்வாகவும் பின்னால் இருப்பது உயரமாகவும் இருக்கும். சிவப்பு மட்டும் தெரிந்தால் அது தன் இடப்பக்கத்தை நமக்குக் காட்டிக்கொண்டு போகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்து, இரண்டு வெள்ளை விளக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்கோட்டில் நின்றால், கப்பல் நம்மை நோக்கியே வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. வெளிச்சம் இருக்கும் திசையைக் காம்பஸில் பார்த்துவைக்க வேண்டும். சில நிமிடம் கழித்தும் திசை மாறாமல் வெளிச்சம் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், யாராவது ஒருவர் விலகாதவரை மோதல் நிச்சயம்.

நம் மீனவர்கள் பலர் அறியாத ஒரு சட்ட நுணுக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். வலையோ கயிறோ போட்டு மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு என்ஜின் கப்பல் வழிவிட வேண்டும். வலையை ஏற்றிவிட்டு, என்ஜினை நிறுத்தி, நங்கூரமும் போடாமல் மிதந்தபடி தூங்கும் படகுக்கு அந்தச் சலுகை கிடையாது. விதியின் கண்ணில் அது ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு என்ஜின் கலம். காவல் வைப்பதும், தேவைப்பட்டால் விலகுவதும் அதன் கடமையும்கூட. விபத்துக்குப் பிறகு நஷ்டஈட்டு வழக்கில் கப்பல் கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது இதைத்தான்.

கருவி வந்தால் தீருமா?

இந்திய விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய டிரான்ஸ்பாண்டரை ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். புயல் எச்சரிக்கை பெறவும், ஆபத்தில் செய்தி அனுப்பவும், எல்லை தாண்டாமல் இருக்கவும் அது மிக நல்ல கருவி. ஒக்கிப் புயலின்போது அது இருந்திருந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியாது. ஆனால் அது படகையும் கரையையும் இணைக்கச் செய்த கருவி. அதை வைத்திருப்பதாலேயே எதிரே வரும் கப்பலின் திரையில் படகு தெரிந்துவிடாது.

கப்பல் திரையில் தெரிய வேண்டுமானால் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவி வேண்டும். 20 மீட்டருக்கு மேற்பட்ட படகுகளுக்கு அது கட்டாயம். சின்னப் படகுகள் பலவற்றில் இல்லை. இருக்கிற படகுகளிலும், நல்ல மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அணைத்துவைப்பவர்கள் இருக்கிறார்கள். போதாததற்கு, வலை மிதவைகளில் மலிவு விலை ஏஐஎஸ் கருவிகளைக் கட்டிவிடுகிறார்கள். திரையில் ஐம்பது புள்ளி தெரிந்தால் எது வலை, எது மனிதர் இருக்கும் படகு என்று கப்பல்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

விளக்கிலும் இதே குழப்பம். கண்கூசும் வெள்ளை எல்இடி விளக்குகளை இரவு முழுக்க எரியவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். அந்த வெளிச்சத்தில் சிவப்பு, பச்சை விளக்குகள் மங்கிப்போய், படகு எந்தப் பக்கம் போகிறது என்று கப்பலுக்குப் புரிவதில்லை. படகின் காவலாளிக்கும் தன் வெளிச்ச வட்டத்துக்கு வெளியே எதுவும் தெரியாது.

2020 ஆகஸ்ட் 1 முதல் தென்மேற்குக் கடலில் சரக்குக் கப்பல்களுக்கும் மீன்பிடிப் படகுகளுக்கும் தனித்தனிப் பாதை வகுத்தார்கள். நல்ல நடவடிக்கைதான். ஒன்பதாவது மாதத்தில் 'ரபா' விபத்து நடந்தது.

செய்யக்கூடியவை

முதல் வேலை, காவலுக்குக் கூலி. பத்து நாளுக்கு மேல் தங்கும் படகுகளில் 'காவல் பங்கு' என்று ஒரு தனிப் பங்கைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இரவில் இரண்டு மணி நேர முறையாக, நள்ளிரவு முதல் விடியும் வரை இருவராக நிற்பவர்கள் அதைப் பிரித்துக்கொள்ளட்டும். காவல் இருந்தவருக்கு மறுநாள் காலை வலை இழுக்கும் வேலையிலிருந்து விலக்கு வேண்டும். உரிமையாளர்கள் உடனே ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மீன் விலையும் டீசல் விலையும் அவர்களையும் நெருக்குகின்றன. ஆகவே முதல் சில ஆண்டுகளுக்காவது அரசு ஒரு காவல் பேட்டாவை மானியமாகத் தரலாம். விபத்துக்குப் பிறகு கொடுக்கும் நிவாரணத் தொகையோடு ஒப்பிட்டால் இது பெரிய செலவில்லை.

இரண்டாவது, பயிற்சி. கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டுக்குச் சென்னையிலும் கிளை உண்டு. அதன் பயிற்றுநர்கள் தடைக்காலத்தில் தூத்தூருக்கும் குளச்சலுக்கும் வந்து, விளக்கைப் படிப்பதையும் காம்பஸ் சோதனையையும் தமிழிலும் வங்காள மொழியிலும் சொல்லித்தரலாம். ஒரு நாள் போதும். கப்பல்கள் கூப்பிடும் வயர்லெஸ் 16-ஆம் சேனலில் பதில் சொல்ல நாலு ஆங்கில வாக்கியமும் அதோடு சேரட்டும்.

கப்பல் பக்கம் கடுமை வேண்டும். கலங்கரை விளக்கங்களில் உள்ள ஏஐஎஸ் நிலையங்கள் வழியே கரையோரக் கப்பல்களின் நகர்வு கரைக்குத் தெரிகிறது. வகுத்த பாதையை விட்டு இரவில் விலகும் கப்பலை அப்போதே வயர்லெஸில் கூப்பிட்டு எச்சரிக்க முடியும். மறுநாள் அறிக்கை எழுதிப் பயனில்லை. இந்தியத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் ஆய்வு செய்பவர்கள் ஓய்வு ஏட்டையும் பெயின்ட் வேலை ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். இரவில் காவல் நின்றதாக எழுதியவரே பகலிலும் முழு வேலை பார்த்திருந்தால் பொய் தானே வெளிவரும். கப்பலின் குரல், ரேடார் பதிவுப் பெட்டியில் பழைய தகவல் நிலைத்திருக்காது, பழைய பெட்டிகளில் பன்னிரண்டே மணி நேரத்தில் அழிந்துவிடலாம். எனவே மோதல் புகார் வந்த உடனே, சுற்றுவட்டாரத்தில் இருந்த எல்லாக் கப்பல்களுக்கும் பதிவைச் சேமிக்கும்படி கடலோரக் காவல்படை உத்தரவு அனுப்பும் நடைமுறை வேண்டும்.

மிச்சத்துக்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டும் தடைக்காலத்தில் மீன்வளத் துறை அதிகாரிகள் துறைமுகம் துறைமுகமாகப் போய் விசைப்படகுகளை நேரில் ஆய்வு செய்கிறார்கள். பதிவு எண், நீளம், என்ஜின் திறன், உயிர் காக்கும் சட்டை எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் நான்கைந்து வரி சேர்த்தால் போதும்: விதிப்படியான விளக்குகள் எரிகின்றனவா, ரேடாரில் படகைக் காட்டும் உலோக எதிரொளிப்பான் கட்டியிருக்கிறதா, ஏஐஎஸ் வேலை செய்கிறதா, காம்பஸ் இருக்கிறதா, இரவுக் காவல் முறைப் பட்டியலில் யார் யார் பெயர், அவர்களுக்குப் பங்கு எவ்வளவு. இந்த வரிகள் நிரம்பாத படகுக்கு டீசல் மானியத்தை நிறுத்த வேண்டாம், குறையைச் சரிசெய்யத் தடைக்காலம் முடியும்வரை அவகாசம் தரலாம். எதிரொளிப்பானைத் துறையே இலவசமாகக் கட்டிக்கொடுக்கட்டும். மேற்குக் கரைக்கான ஆய்வில் குமரி மாவட்டத்திலிருந்து இதைத் தொடங்கலாம். கேரளத் துறைமுகங்களில் நிற்கும் நம் படகுகளுக்கு அந்த மாநில மீன்வளத் துறையோடு பேசி, ஒரே படிவத்தை இரண்டு மாநிலமும் ஏற்கும்படி செய்துகொள்ளலாம்.